முன்வரிசையில் என் மருமகள்

ஏலே சவரி,

நீ போனை எடுக்கமாட்டாய் என்று தெரியும். என் பெயரைத் திரையில் கண்டதும் கவிழ்த்து வைத்துவிடுகிறாயாம். உன் அய்யாதான் சொன்னார். அவரிடம் மட்டும் சாப்பிட்டீகளா, மாத்திரை போட்டீகளா என்று தேன் ஒழுகப் பேசுகிறாய். மாத்திரை போட்டாரா இல்லையா என்று அந்த மனுசனுக்கு என்ன தெரியும்? எடுத்துக் கொடுக்கிறவள் நான். அதனால்தான் இதை நம் கோயில் பங்குப் பத்திரிகைக்கு எழுதிக் கொடுக்கிறேன். மாதாமாதம் அது மும்பைக்கு உன் விலாசம் தேடி வருகிறது. நீ பிரிக்காவிட்டாலும் ஊர் பிரிக்கும். ஊர் படித்தால் எவனாவது உனக்குப் போன் போட்டு, "ஏலே, உன் ஆத்தா உன்னையக் கிழிச்சுத் தொங்க விட்டிருக்கு, படிச்சியா?" என்று கேட்பான். அப்புறம் படிக்காமல் உனக்குச் சோறு இறங்குமா? நான் அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள். எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். மேடைப் பேச்சு எனக்கு வராது, அடுப்படிப் பேச்சுதான் வரும்.

ஆவணியில் பதிவு அலுவலகத்தில் கல்யாணம் என்று உன் அய்யாவிடம் சொல்லியிருக்கிறாய். "நீங்க வாங்கய்யா" என்றாயாம். "அம்மா?" என்று இவர் கேட்டிருக்கிறார். "அம்மா வேணாம்யா." இதை அவர் வந்து சொன்னபோது நான் கணவாய் அலசிக்கொண்டிருந்தேன். கையிலிருந்தது வழுக்கித் தண்ணீருக்குள் விழுந்தது. தாயும் மகனும் பேசாமல் இருப்பது ஊர் உலகத்தில் நடக்காததா? ஆனால் கல்யாணத்துக்கு வராதே என்று ஒரு பிள்ளை சொல்லி நான் கேட்டதில்லை. அழைக்காத கல்யாணத்துக்கே பந்திக்கு முந்திப் போய் உட்காருகிறவள் நான். என்னை, என் மகன் கல்யாணத்துக்கு!

உன் கோபத்துக்குக் காரணம் இருக்கிறது. போன வருசம் பெரிய வெள்ளியன்று நடந்தது உனக்குத் தெரியும். மறுநாள் சனிக்கிழமை வீட்டில் நடந்தது உனக்குத் தெரியாது. நீ பொழுதுக்கும் அலையாத்திக் காட்டுப் பக்கம் போய் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். அந்த மிச்சத்தைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். அதற்கு முதலிலிருந்து வரவேண்டும்.

"ஒரு பொண்ணைப் பிடிச்சிருக்கும்மா, ஆஸ்பத்திரியில கூட வேலை பாக்குறா, லேப்ல. பேரு எஸ்தர்" என்று நீ சொன்ன அன்றைக்கு நான் என்ன கேட்டேன்? "எஸ்தரா? சிஎஸ்ஐயா, பெந்தெகொஸ்தேவா?" என்றுதான் கேட்டேன். நம் பக்கம் எஸ்தர் என்றால் வேறு என்ன நினைப்பார்கள்? "அதெல்லாம் நேர்ல சொல்றேன்மா" என்றாய். அங்கேதான் உன் பங்கு தொடங்குகிறது, மறக்காதே. நான் நாலு நாள் யோசித்து, மாதாவிடம் முறையிட்டு, மனசைப் பெரிசு பண்ணிக்கொண்டு, பிராட்டஸ்டண்ட் ஆனாலும் பரவாயில்லை, அவர்களும் இயேசு பிள்ளைகள்தானே என்று முடிவுக்கு வந்தேன். என் தாராளத்தை நினைத்து எனக்கே புல்லரித்தது.

புனித வாரத்தில் அவளைக் கூட்டிக்கொண்டு வந்தாய். நல்ல மாநிறம், கெட்டியான புருவம், நம் ஊர்ப் பிள்ளை மாதிரியே இருந்தாள். நீ சொல்லிக் கொடுத்த தமிழை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்துப் பேசினாள். நான் சும்மா இருப்பேனா? மருமகள் முதல் முதலாக வருகிறாள் என்று நண்டுக் குழம்பு, இறால் தொக்கு, கணவாய் வறுவல், சுறாப் புட்டு எல்லாம் செய்து வைத்தேன். பிள்ளை பார்த்தாள், விழித்தாள், கடைசியில், "அம்மா, நான் நண்டு இல்ல" என்றாள். "நீ நண்டு இல்லைன்னு எனக்கும் தெரியுதும்மா, உக்காந்து சாப்பிடு" என்றேன். நீ குறுக்கே வந்து, அவள் நண்டு சாப்பிடமாட்டாள் என்றாய். இறால்? ஆகாது. கணவாய்? ஆகாது. சுறா? அதுவும் ஆகாது. செதிலும் துடுப்பும் இருக்கிற மீன்தான் சாப்பிடுவாளாம். இத்தனை கடல் சாமானையும் ஒதுக்குகிற ஒரு பிறவியை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். அவசரமாக விளமீன் வாங்கி வந்து குழம்பு வைத்தேன்.

நூர்ஜகான் யாரென்று உனக்குத் தெரியும், பத்திரிகை படிக்கிற வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். தொண்டியிலிருந்து நம் ஊருக்கு வாக்கப்பட்டு வந்தவள். அலையாத்திக் காட்டுக்குப் படகு சவாரி வருகிறவர்களுக்கு நானும் அவளும் ஒரே அடுப்பில்தான் சாப்பாடு செய்து கொடுக்கிறோம். மீன் என் பொறுப்பு, கோழி அவள் பொறுப்பு. நான் தோற்ற இடத்தில் ஜெயிக்கலாம் என்று அவள் கோழி பிரியாணியோடு வந்தாள். எஸ்தர் முகம் மலர்ந்தது. அறுத்த விதத்தை எல்லாம் விசாரித்தாள், ரத்தம் வடித்தீர்களா என்று கேட்டாள். நூர்ஜகானுக்கு ஒரே பெருமை. அப்புறம் அந்தப் பிள்ளை, "தயிர் இருக்கு?" என்றது. "தயிர் போடாம பிரியாணியாமா?" என்றாள் இவள். கறியோடு பால் சாமான் சேர்ந்தால் சாப்பிடமாட்டாளாம்! நூர்ஜகான் என்னைப் பார்த்தாள், நான் நூர்ஜகானைப் பார்த்தேன். "சவரியம்மா, உன் மருமகளுக்கு உன் சட்டியும் ஆகல, என் சட்டியும் ஆகல. இது எந்த ஊருச் சட்டம்டி?" என்று வெளியே வந்து கேட்டாள். உன் அய்யா அதற்கும் ஒரு விளக்கம் கண்டுபிடித்தார்: "சனிக்கிழமை கோயிலுக்குப் போற சபைக்காரங்க இருக்காகல்ல, அவுக இந்த நண்டு இறால் எல்லாம் திங்க மாட்டாக. அந்தக் கூட்டம்தான்." அப்பாடா என்று இருந்தது எங்களுக்கு. நீ அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தாய். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். சிரித்துக்கொண்டு போய்விட்டாய்.

பெரிய வெள்ளி வந்தது. இயேசுவின் பாடுகளை நடித்துக் காட்டுகிற நம் ஊர்ப் பாஸ்கு நாடகம் உச்சி வெயிலில் தொடங்கி மூன்று மணி ஆராதனைக்கு முன்னால் முடியும். உன் அய்யாதான் வருசா வருசம் தலைமைக் குரு கயபா. கறுப்புத் தாடி, கொக்கி மூக்கு, கையில் கோல். நிஜத்தில் கோழிக்குப் பயப்படுகிற மனுசன் மேடை ஏறினால் பிள்ளைகள் அலறும். "சிலுவையில் அறையும்" என்று அவர் கூட்டத்தைக் கிளப்பிவிடும்போது பெண்கள் பக்கத்திலிருந்து முதல் ஏச்சு என்னுடையதாகத்தான் இருக்கும். அது ஊருக்கே ஒரு வேடிக்கை. பெண்டாட்டியே புருசனைத் திட்டுகிறாளே என்று ஆம்பளைகள் விசில் அடிப்பார்கள். என் வாய்க்காகவே அவர் ஒரு நொடி நிறுத்தி நிற்பார். போன வருசம் மருமகளை முன்வரிசையில், என் பக்கத்தில், நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தேன். அவள் முகம் நேரம் போகப் போக வாடியது. வெயில் என்று நினைத்து முந்தானையால் விசிறிவிட்டேன். அந்த இடம் வந்தது. எழுந்து நின்றேன். "அட நாசமாப் போவாய்ங்களா! யூதப் பயலுகளா! உங்க குலம் விளங்குமா?" என்று கத்தினேன். பெண்கள் பக்கம் முழுதும் சேர்ந்துகொண்டது. நான் குனிந்து அவள் தோளைத் தட்டி, "நீயும் ஏசும்மா, புண்ணியம்" என்றேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்து, மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள். "அம்மா, நான் யூதப் பொண்ணு."

யூதர் என்றால் எனக்கு யார்? மேடையில் ஏறுகிறவர்கள். தாடி ஒட்டிக்கொள்கிறவர்கள். பேதுரு காலத்தோடு தீர்ந்துபோன ஆட்கள். உயிரோடு, சுடிதார் போட்டுக்கொண்டு, என் வீட்டு விளமீன் குழம்பு சாப்பிட்டுவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. திறந்த வாய் திறந்தபடி நின்றேன். உன் அய்யா மேடையில் நான் இன்னொரு தடவை ஏசப் போகிறேன் என்று நினைத்து, அதே வசனத்தைத் திரும்பச் சொன்னார். நீ எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாய். என்னை நீ பார்த்த பார்வையை எந்தப் பிள்ளையும் தாயைப் பார்க்கக் கூடாது.

அன்றைக்கே கிளம்பு, இராமநாதபுரம் போய் ரயில் ஏறுவோம் என்று நீ பெட்டியைக் கட்டினாய். அவள்தான் வரமாட்டேன் என்றாள். பொழுது சாய்ந்தால் அவர்களுக்கு ஓய்வுநாள் பிறக்கிறதாம். சனிக்கிழமை பொழுது அடையும்வரை வண்டி ஏறமாட்டாளாம். தன்னைத் திட்டிய வீட்டிலேயே இன்னொரு நாள் தங்கவேண்டி வந்தது அந்தப் பிள்ளைக்கு. சாயங்காலம் என்னிடம் வந்து, "அம்மா, மெழுகுவத்தி இருக்கா? ரெண்டு" என்றாள். பெரிய வெள்ளியன்று நம் வீட்டில் மாடத்து விளக்கைக்கூட ஏற்றுவதில்லை. ஆனாலும் எடுத்துக் கொடுத்தேன். துப்பட்டாவால் தலையை மூடி, ஏற்றி, சுடரை மூன்று தரம் கையால் தன் பக்கம் அள்ளிக்கொண்டு, இரண்டு கையாலும் கண்ணை மூடிக்கொண்டாள். வெகுநேரம் கையை எடுக்கவில்லை. எடுத்தபோது உள்ளங்கை நனைந்திருந்தது. கதவோரம் நின்ற என்னைப் பார்த்து, "சபாத் சலோம், அம்மா" என்றாள். அது அவர்களுடைய ஓய்வுநாள் வாழ்த்தாம். அவள் என்னை அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

இனிமேல்தான் உனக்குத் தெரியாத கதை. சனிக்கிழமை காலையில் நான் கோயிலுக்கு ஓடி, ஃபாதரிடம் என் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். செபம் சொல்லச் சொன்னார், சொன்னேன். சரி, தீர்ந்தது என்று லேசாக வீட்டுக்கு வந்தேன். நூர்ஜகான் அங்கே எஸ்தருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். தயிர் போடாத கோழிக் குழம்பு ஒரு தூக்கில். நான் போய், "பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டு வந்துட்டேம்மா, எல்லாம் சரியாப் போச்சு" என்றேன். எஸ்தர் புரியாமல் பார்த்தாள்.

"நீங்க ஃபாதர்கிட்ட சொன்னீங்க. அவரையா ஏசினீங்க?"

"கடவுள்கிட்ட சொல்றதும்மா அது."

"எங்கள்ல கடவுளுக்குச் செஞ்ச தப்பு கடவுள்கிட்ட. ஆளுக்குச் செஞ்ச தப்பு ஆளுகிட்ட. ஆளு மன்னிக்கணும். அதுவரைக்கும் கடவுள் நடுவுல வரமாட்டார்."

"எங்கள்லயும் அதேதான்" என்றாள் நூர்ஜகான். "அடியாருக்குச் செஞ்சத அடியார் பொறுத்தாத்தான் அல்லா பொறுப்பான்."

எனக்குத் திக்கென்றது. ஃபாதரும் இதைப் பிரசங்கத்தில் சொல்லித்தான் இருப்பார், நான்தான் முன்வரிசையில் உட்கார்ந்து யார் என்ன சேலை கட்டியிருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்திருப்பேன். மன்னிப்புக் கேட்பது எனக்குப் பழக்கமில்லாத வேலை. கிண்டல் பண்ணிச் சிரிக்க வைத்துச் சமாளிக்கிறவள் நான். அன்றைக்கு ஒரு கிண்டலும் வரவில்லை. "தெரியாமப் பண்ணிட்டேன்மா. மன்னிச்சிரு" என்றேன். அவள் உடனே சரி என்று சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஒரு பிள்ளை, "நீங்கதானே இயேசுவைக் கொன்னீங்க?" என்று அவளைக் கேட்டதாம். வீட்டுக்கு வந்து அவள் அம்மாவிடம், நாம் யாரையாவது கொன்றோமா என்று கேட்டு அழுதாளாம். "நேத்து ஊரே சேர்ந்து அதையே கேட்ட மாதிரி இருந்துச்சு" என்றாள். கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வேறென்ன செய்வது?

பிறகு அவளே கேட்டாள். "அம்மா, மேடையில மாதாவா வந்தாங்களே. மாதா யாரு?"

"நாசரேத்தூர்ப் பொண்ணு. சூசையப்பருக்கு நிச்சயம் பண்ணியிருந்த பொண்ணு."

"எந்த ஆளுங்க?"

மாதா எந்த ஆட்கள் என்று என் ஆயுசில் நான் யோசித்ததில்லை. மாதா நம் ஆள். நீலச் சேலை கட்டியவள். கடலில் காற்று மாறினால் கூப்பிடுகிறவள். "யூதப் பொண்ணு அம்மா. சூசையும். இயேசுவும். பேதுருவும். மேடையில ரோமைக்காரங்களைத் தவிர எல்லாரும் எங்க ஆளுங்க" என்றாள். நான் எழுந்து மாடத்துக்கு முன்னால் போய் நின்று மாதாவையே பார்த்தேன். இத்தனை வருசம் நம் வீட்டுக் குறையெல்லாம் கேட்டது ஒரு யூதப் பெண்ணா? நேற்று நான் "உங்க குலம் விளங்குமா" என்று கத்தியது இவள் காதில் எப்படி விழுந்திருக்கும்? இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. இந்த அம்மாவும் நண்டு தொட்டிருக்கமாட்டாள்! அவள் திருநாளுக்கு என்று நான் வருசா வருசம் நண்டு வாங்கிச் சமைக்கிறேனே!

நூர்ஜகான் நிதானமாக, "மர்யம் அம்மா இஸ்ரவேலர் குடும்பம்னு எங்க ஓதல்ல சின்னதுலயே சொல்லிருவாகளே. குர்ஆன்ல அவுக பேருல ஒரு சூராவே இருக்கு" என்றாள்.

"ஏன்டி, இத்தனை வருசமா ஒரே அடுப்புல வேகுறோம், ஒரு வார்த்தை சொன்னியா?"

"நீ கேட்டியா?"

கேட்க ஆரம்பித்தால் ஒவ்வொன்றும் தலையில் இடியாக இறங்குகிறது. நூர்ஜகான் நம் பாஸ்குக்கு ஒரு வருசமும் வந்ததில்லை. தலைவலி, நோன்பு என்று ஏதாவது சொல்வாள். நாடகம் பார்ப்பது அவர்களுக்கு ஆகாதுபோல என்று விட்டுவிட்டேன். காரணம் அது மட்டும் இல்லையாம். "ஈசா நபி எங்களுக்கும் நபிடி. நபிமாருக்கு வேசம் கட்டக் கூடாது. அதுலயும் அவுகள அடிக்கிற மாதிரி காட்டுறதை நான் எப்பிடி உக்காந்து பாப்பேன்?" என்றாள். அதோடு விட்டாளா? "எங்க கிதாபுல அவுகளச் சிலுவையில அறையவே இல்ல. அல்லா தன் பக்கம் உசத்திக்கிட்டான்" என்றாள். நான் அதிர்ந்து போய், "அப்ப எங்க வீட்டுக்காரர் வருசா வருசம் யாரடி அறையுறாரு?" என்றேன். எஸ்தர் அப்போதுதான் முதல் முதலாகச் சிரித்தாள்.

எங்களுக்கு இயேசு கடவுளின் மகன், நூர்ஜகானுக்குக் கடவுள் அனுப்பிய நபி, எஸ்தருக்கு அவர்கள் ஊரில் பிறந்த ஒரு மனுசர். இதில் மூன்று பேரும் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுக்க வழியில்லை. விட்டுக்கொடுக்கச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை. ஆபிரகாம் மகனைப் பலி கொடுக்கப் போனாரே, அதில்கூட அந்த மகன் ஈசாக்கு என்று எஸ்தர் எங்களோடு சேர்ந்து சொல்கிறாள், நூர்ஜகான் இஸ்மாயில் என்கிறாள். பன்றியை அவர்கள் இரண்டு பேரும் தொடமாட்டார்கள். சுன்னத்து அவர்கள் இரண்டு பேருக்கும் உண்டு. நம் இயேசுவுக்கும் பிறந்த எட்டாம் நாள் அது நடந்தது என்று எஸ்தர் சொன்னபோது, "பாத்தியா?" என்று நூர்ஜகான் என்னை இடித்தாள். நோன்பைப் பற்றிப் பேச்சு வந்தபோது என் மானமே போய்விட்டது. நூர்ஜகான் பகலில் எச்சில்கூட யோசித்து விழுங்குகிறவள். எஸ்தர் வருசத்தில் ஒரு நாள், பொழுது சாய்ந்ததிலிருந்து மறுநாள் பொழுது சாயும்வரை பச்சைத் தண்ணீர் தொடமாட்டாள். "நீங்க அம்மா?" என்றாள். தவசுக் காலத்தில் கறி சாப்பிடமாட்டோம் என்றேன். "மீனு?" "மீன் உண்டு." நூர்ஜகான் தரையில் விழுந்து சிரித்தாள். "மீனு திங்கிற நோன்பு எனக்கும் ஒண்ணு குடுங்கடி!"

எஸ்தரையும் நாங்கள் ஒரு தடவை தூக்கிவாரிப் போட வைத்தோம். ஆதாமின் பிள்ளைகள் பேச்சு வந்தது. "ஆபிலும் காபிலும் ராமேஸ்வரத்துலதானே அடங்கியிருக்காக, தர்கா இருக்கே, நான் பாத்தியா ஓதிட்டு வந்திருக்கேன்" என்றாள் நூர்ஜகான், கடைத்தெருவைச் சொல்வதுபோல. பிள்ளைக்குக் கண் வெளியே வந்துவிட்டது. "காயின்? ஆபேல்? இங்கயா?" "ஆமா. உலகத்துல முதல் அண்ணன் தம்பி வெட்டுக்குத்து நம்ம ஜில்லாவுலதான் முடிஞ்சிருக்கு" என்றேன் நான். அவள் தன் கதையைச் சொன்னாள். அவள் முன்னோர் வந்த கப்பல் கொங்கணக் கரையில் உடைந்து, பிழைத்துக் கரை ஒதுங்கிய கொஞ்சம் பேரிலிருந்து பெருகிய கூட்டமாம். செக்காட்டிப் பிழைத்தார்களாம். சனிக்கிழமை மட்டும் செக்கை நிறுத்திவிடுவதால் ஊரார் அவர்களைச் சனிக்கிழமைச் செக்கார் என்றே கூப்பிட்டார்களாம். கப்பல் உடைந்து கரை ஒதுங்குவது என்ன என்று கடற்கரைக்காரிக்குச் சொல்லித் தரவேண்டுமா? அதற்குப் பிறகு எனக்கு அவள் அந்நியமாகத் தெரியவில்லை.

எல்லாம் சிரிப்பாக முடிந்தது என்று நினைக்காதே. உங்களுக்குப் பிள்ளை பிறந்தால் அது என்ன பிள்ளை என்று கேட்டேன். தாய் யூதர் என்றால் பிள்ளை யூதர்தானாம். என் பேரப்பிள்ளை! நூர்ஜகான் விரல் விட்டு எண்ணினாள்: "எங்கள்ல அத்தா வழி. இவுகள்ல அம்மா வழி. உங்கள்ல தண்ணி ஊத்துனாத்தான் வழி." ஃபாதரிடம் கேட்டால் ஞானஸ்நானத்துக்கு வாக்குக் கொடுக்கச் சொல்கிறார். எஸ்தரிடம் கேட்டால் தலை குனிந்துகொள்கிறாள். இதற்கு இன்றைக்கும் என்னிடம் பதில் இல்லை, சவரி. இருக்கிற மாதிரி நடிக்கமாட்டேன். அந்தப் பிள்ளையைத் தூக்க என்னைக் கூப்பிடுவீர்களா என்பதுதான் இப்போது என் கவலை.

இந்த வருசப் பெரிய வெள்ளியைச் சொல்கிறேன். உன் அய்யா நாடகம் பழக்குகிற அண்ணாவியாரிடம் போய், "கயபா வேசம் எனக்கு வேணாம். அரிமத்தியா சூசை குடுங்க. கல்லறை குடுத்தவரு, அவரும் யூதர்தான்" என்று சொல்லிவிட்டார். இரண்டே வரி வசனம். அதற்கும் ஒரு மாதம் ஒத்திகை பார்த்தார். கயபாவாக மீன் ஏலக்காரர் பாக்கியம் வந்தார். அந்த இடம் வந்ததும் கோலை ஊன்றி, என் பக்கம் பார்த்து நிறுத்தினார். பெண்கள் எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள். நான் உட்கார்ந்தே இருந்தேன். பின்னாலிருந்து மாதா சபைத் தலைவி, "என்ன சவரியம்மா, வாயில கொழுக்கட்டையா?" என்றாள்.

"என் மருமக ஆளுகள நான் ஏச மாட்டேன்" என்றேன்.

"மருமகளா? யாரு?"

"எஸ்தரு. யூதப் பொண்ணு. போன வருசம் இங்கன உக்காந்திருந்துச்சே, அதுதான்."

தொடங்கிவைக்க ஆளில்லாமல் அந்த ஒரு இடம் சத்தமில்லாமல் போனது. பாக்கியம் அண்ணன் பாவம், ஏச்சு விழாமல் வசனமே வரவில்லை அவருக்கு. இதில் எனக்குப் பாராட்டு கிடைத்தது என்று நினைக்கிறாயா? மே மாத மாதா பவனியில் வருசா வருசம் நான் பிடிக்கிற கொடியை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டார்கள். இரண்டு மூன்று பேர் என்னோடு பேசுவதில்லை. "நீ பேசாம இருந்தது நம்ம ஊருக்கே ஆயிசுல முதல் தடவை, அந்த அதிர்ச்சிதான், சரியாயிரும்" என்கிறாள் நூர்ஜகான்.

இப்போது உனக்கு ஒரு அதிர்ச்சி தருகிறேன், பிடித்துக்கொண்டு உட்கார். எஸ்தர் என்னோடு வாராவாரம் பேசுகிறாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம், விளக்கு ஏற்றுவதற்கு முன்னால், நீ டியூட்டியில் இருக்கிற நேரமாகப் பார்த்து. போன வருசம் மும்பைக்குப் போன அடுத்த வாரமே தொடங்கிவிட்டாள். கோபத்தை எல்லாம் உன் தலையில் இறக்கிவைத்துவிட்டு நாங்கள் இரண்டு பேரும் குழம்பு வைப்பதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம். கல்யாணத்துக்கு அவளே என்னைக் கூப்பிட்டுவிடலாம். கூப்பிடமாட்டேன் என்கிறாள். "நான் கூப்பிட்டா நீங்க வந்துருவீங்க அம்மா. ஆனா அவன் கூப்பிடணும்" என்கிறாள். எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது.

போன வெள்ளிக்கிழமை அவளிடம் கேட்டேன். "ஏம்மா, ஆளுகிட்டதான் மன்னிப்புக் கேக்கணும்னியே. கேட்டும் அந்த ஆளு மூஞ்சியத் திருப்பிக்கிட்டா?"

"மறுபடி கேக்கணும்."

"மறுபடியும் திருப்பிக்கிட்டா?"

"மூணாவது தடவை கேக்கணும். அதுக்கும் மன்னிக்கலேன்னா தப்பு அவன் தலைக்குப் போயிரும். நீங்க ஃப்ரீ அம்மா."

நீ மும்பைக்குக் கிளம்பிய அன்று பஸ் ஜன்னலுக்குக் கீழே நின்று ஒரு தடவை கேட்டேன்; நீ அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாய். கிறிஸ்துமசுக்கு வாட்ஸப்பில் குரலைப் பதிந்து அனுப்பினேன். கேட்டாயா, அழித்தாயா, தெரியாது. இப்போது ஊர் அறிய எழுதுகிறேன், இது மூன்றாவது. நீ கூட்டிவந்த பெண்ணை உன் கண் முன்னால் நான் அவமானப்படுத்திவிட்டேன். மன்னிச்சிரு சவரி. சட்டப்படி இதோடு நான் தப்பித்தேன், மாட்டிக்கொண்டது நீதான் என்று சொல்லி உன்னைச் சீண்டத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். எழுதி முடிக்கும்போது அது வரவில்லை. அந்தச் சட்டத்தை எழுதியவர்கள் தாயை யோசிக்கவில்லை போலிருக்கிறது. நீ கூப்பிடுகிறவரைக்கும் நான் நாலாவது தடவையும் கேட்பேன்டா.

உன் அம்மா